ராஜா எழுந்து நின்ற பாட்டு

அழகர்சாமிக்குச் சிரிப்பு வந்தது. மேடையில் நிற்பவர்கள் பாடுவது போதாதென்று, டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்களும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

தேவாலயம் நிரம்பியிருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் பார்வையாளர்களும் சேர்ந்து பாடுவது இங்கே வழக்கமாம். பழங்காலத்துப் பாட்டாம்.

முன் இருக்கைக் குண்டு மனிதர் கட்டைக் குரலில் எங்கோ போய்க்கொண்டிருந்தார். சிங்கப்பூர் ஜாலான் புசார் கடையில் அழகர்சாமி விற்கும், சுவரில் துளை போடும் டிரில்லுக்கே இதைவிடச் சுருதி உண்டு.

காசு கொடுத்துக் கத்துவதற்கு இத்தனை பேரா!

கோயில் பஜனைக்கே கொட்டாவி விடுகிறவர் அவர். ஆனாலும் முன்னாலிருந்த இரண்டு தலைகளுக்கு நடுவே மேடை கொஞ்சம் தெரிந்தது. அந்த இடைவெளியை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

சட்டென்று எல்லோரும் எழுந்தார்கள்.

"எந்திரிங்க அண்ணே," என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். "அல்லேலூயா பாட்டுக்கு எல்லாரும் நிக்கணும் லா. அந்தக் காலத்துல இங்கிலாந்து ராஜாவே எந்திரிச்சு நின்னாராம்."

"ராஜாவுக்குக் கால் மரத்துப் போயிருக்கும்."

கால்மேல் கால் போட்டுக்கொண்டார். எவனோ ஒரு வெள்ளைக்கார ராஜா நின்றானாம், அவன் செத்து மண்ணாகியும் இந்த ஊர்க்காரர்கள் விறைத்துக்கொண்டு நிற்கிறார்களாம். அழகர்சாமி யாருக்கும் எழுகிறவர் இல்லை. வீட்டிலும் சரி, கடையிலும் சரி, அவர் சொன்னால் சொன்னதுதான்.

பாட்டு கிளம்பியது. சுற்றிலும் முதுகுகள். இடைவெளி மூடிப்போயிற்று.

இடப்பக்கம் சாய்ந்தார். முதுகு. வலப்பக்கம் சாய்ந்தார். யாருடைய கைப்பையோ மூக்கில் இடித்தது.

எழுந்தார்.

பக்கத்துப் பெண் பூரித்துப்போய்த் தன் பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

மேடையின் ஓரத்தில் ரக்ஷனா பாடிக்கொண்டிருந்தாள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்ற அன்று, அவர் கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மகளை இன்றுதான் பார்க்கிறார். இத்தனை நேரமும் முகம் மட்டும்தான் தெரிந்தது.

கறுப்பு உடையில் அவள் வயிறு நன்றாகவே மேடிட்டிருந்தது. ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையால் இடுப்பைத் தாங்கியிருந்தாள்.

அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

அழகர்சாமி நின்றுகொண்டே இருந்தார்.

ரக்ஷனா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.