கூலிக்கேற்ற கையெழுத்து

துப்பறியும் கொட்டாவியாரின் விலை, பக்கத்துக்கு ஒரு குடை.

வாரப் பத்திரிகையில் அவருடைய படக்கதை ஆரம்பித்த காலத்தில், ஒரு பக்கம் வரைந்து அனுப்பும் ஓவியருக்கு முதலாளி கொடுத்த கூலியில் நல்ல குடை ஒன்று வாங்கலாம். இருபது வருடத்தில் குடை விலை ஏறிவிட்டது. கூலி ஏறவில்லை. இன்று அந்தப் பணத்துக்குக் கைப்பிடி மட்டும் கிடைக்கும்.

கொட்டாவியாரைத் தெரியாத வீடு கிடையாது. தொப்பையும் தூக்கக் கண்ணுமாக வருவார். எதிரில் இருப்பவன் பொய் சொன்னால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும், ஆள் மாட்டிக்கொள்வான். அவரை வரைகிறவரைத்தான் யாரும் பார்த்ததில்லை. படம் தபாலில் வரும், கூலி தபாலில் போகும். பக்கத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்தை முதலாளி தன் கையாலேயே வெள்ளை மை பூசி மறைத்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார். பெயர் வெளியே தெரிந்தால் கூலியும் ஏறும் என்று அவருக்குத் தெரியாதா!

இப்போது கொட்டாவியாரைச் சினிமாவாக எடுக்க ஒரு கம்பெனி பெருந்தொகை பேசியிருந்தது. பேச்செல்லாம் முடிந்தபின் அவர்களுடைய வக்கீல் ஒரு கொக்கி போட்டார். வரைந்தவர் உரிமையை எழுதிக் கொடுத்த தாள் வேண்டுமாம். இன்று மாலை அது கைக்கு வராவிட்டால் கம்பெனி வேறு கதையைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

அப்படி ஒரு தாள் பிறக்கவே இல்லை.

அச்சகத்துக்கு மேல்மாடியில் வீடு. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் சாப்பாட்டு மேஜை லேசாக நடுங்கும். முதலாளி கதவைத் தாழிட்டுவிட்டு, அந்த மேஜையில் தாளை விரித்தார். மனைவி அப்போதுதான் பையோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"தையல்கடையா? வாராவாரம் ஓடறே, புதுசா ஒண்ணும் உடுத்தினதாத் தெரியலையே. சரி, அதை விடு. உரிமை முழுசையும் முதலாளிக்கே குடுத்துட்டேன்னு டைப் அடிச்சாச்சு. கீழே அந்த ஆளோட கையெழுத்தை மட்டும் நீ போட்டுடு. இதோ, இன்னிக்கு வந்த பக்கம், மூலையில இருக்கு பாரு."

"ஐயையோ, கள்ளக் கையெழுத்தா? ஒரு கடுதாசி போட்டு அந்த ஆளையே கேக்கலாமேங்க."

"கேட்டா முழிச்சுக்குவான். பங்கு கேப்பான்."

"அப்ப வெளியாள் யாராச்சும்..."

"வெளியாள்கிட்ட போனா ஆயுசு பூரா மிரட்டியே கறப்பான். எனக்கு வர்ற பார்சலுக்கெல்லாம் என் கையெழுத்தை நீதானே போட்டு வாங்கறே? எனக்கே வித்தியாசம் தெரியல."

மனைவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு என்ன கூலி?"

முதலாளி ஆடிப்போனார். வீட்டு ஆளுக்குக் கூலி கிடையாது என்பது அவருடைய சட்டம். மைத்துனன் கணக்கு எழுதுகிறான், சும்மா. அண்ணன் மகன் பார்சல் கட்டுகிறான், சும்மா. கல்யாணமான புதிதில், 'நானும் பத்திரிகைக்கு ஏதாவது செய்யட்டுமா?' என்று கேட்ட மனைவியிடமும் இதே சட்டத்தைத்தான் படித்துக் காட்டியிருந்தார்.

"நமக்குள்ள என்னம்மா கூலி? என்னோடதெல்லாம் உன்னோடதுதானே?"

மனைவிக்குப் பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. "வெயில்ல நடந்து வந்த அசதி," என்றாள். பேனாவைத் தொடவில்லை.

"சரி, பத்துல ஒரு பங்கு!" என்றார் முதலாளி, பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவர் போல.

மனைவி வேறொரு தாளில் எழுதிப் பார்த்தாள். நண்டு நடந்துபோன தடம் மாதிரி இருந்தது.

"என்னம்மா இது கண்றாவி!"

"பத்துல ஒண்ணுக்கு இவ்வளவுதாங்க வருது. பயத்துல கை நடுங்குதில்ல?"

கால் பங்குக்கு ஏறினார். நடுக்கம் நின்றது, சுழி கோணிக்கொண்டது. மூன்றில் ஒரு பங்குக்குச் சுழி நிமிர்ந்தது. கடைசி இழுப்பு மட்டும் போகவேண்டிய பக்கம் போக மறுத்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே கார் வந்து நின்றது.

"வக்கீல் வந்துட்டாருடி! பாதி. பாதியை எடுத்துக்கோ. போடு தாயே!"

"வாய்வார்த்தைக்கெல்லாம் நான் வேலை செய்யறதில்லீங்க. உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

வலது பையிலிருந்து இடது பைக்குத்தானே போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, தொகையில் பாதியை மனைவி பெயருக்கே கொடுத்துவிடும்படி கம்பெனிக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டார் முதலாளி. அது கைக்கு வந்தபிறகுதான் மனைவி பேனாவை எடுத்தாள்.

ஒரே இழுப்பு. நடுக்கமும் இல்லை, கோணலும் இல்லை.

முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அடேயப்பா! அந்த ஆளே நேர்ல வந்து பார்த்தாலும் தன்னோடதுதான்னு சத்தியம் பண்ணுவான்!"

"பண்ணத்தான் செய்வாங்க," என்றாள் மனைவி.

வக்கீல் வந்தார். ஓவியர் அனுப்பிய பக்கத்தோடு தாளை ஒப்பிட்டார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அதையும், மனைவி நீட்டிய பாதிப் பங்குத் தாளையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவரைக் கார்வரை வழியனுப்பப் போன முதலாளிக்கு, முதல் திருட்டில் தப்பித்தவனைப் போல முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

மேலே, மனைவி தையல்கடைப் பையைக் கவிழ்த்து, மைக்குப்பியையும் முள் பேனாவையும் பாதி வரைந்திருந்த அடுத்த வாரத்துக் கொட்டாவியாரையும் மேஜையில் பரப்பினாள். இருபது வருடக் கூலி பாக்கி இன்றோடு தீர்ந்தது, இன்று தபாலில் வந்து சேர்ந்த பக்கத்துக்கு மட்டும் ஒரு குடைக் கைப்பிடி இன்னும் வரவேண்டியிருந்தது.