குவைத்துக்குப் போகும் சத்தம்

குடவாசல் வீட்டு முற்றத்தில் மத்தியான வெயில் சதுரமாக விழுந்து கிடக்கிறது. அதன் நடுவே இரண்டரை வயது ஷிஃபா புளியங்கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் கன்னத்தில் அத்தாவைப் பெற்ற பாட்டி ஜன்னத் பீவியின் நான்கு விரல்களும் இன்னும் சிவப்பாகத் தெரிகின்றன. "கூப்பிட்டாத் திரும்பாத திமிருக்கு ரெண்டு போடும்மா" என்று குவைத்திலிருந்து மகன் கேசட்டில் பேசி அனுப்பியிருந்தான், காலையில் அவள் அறைந்துவிட்டாள். அதே கேசட்டைத் திருப்பிப் போட்டு, பிள்ளையின் அம்மா சாஜிதா டேப் ரெக்கார்டரில் பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறாள். எவர்சில்வர் தாம்பாளத்தைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் பிடித்து, இரும்புக் கரண்டியால் ஓங்கி அடிக்கிறாள். ஓட்டின் மேலிருந்த புறாக்கள் சிதறிப் பறக்கின்றன. "யா அல்லா!" என்று ஜன்னத் பீவி உள்ளிருந்து ஓடிவருகிறாள். ஷிஃபா அடுத்த கொட்டையை எடுத்து வைக்கிறாள். மறுபடியும் ஓர் அடி. மறுபடியும் ஒரு கொட்டை. சாஜிதா ஒரு கணம் கண்ணை மூடித் திறக்கிறாள். பிறகு டேப் ரெக்கார்டரைத் தூக்கி மாமியாரின் வாயருகே நீட்டுகிறாள். "உங்க மவன்கிட்ட நீங்களே சொல்லுங்க மாமி. புள்ளைக்குத் திமிரா, காது கேக்கலையா?" ஜன்னத் பீவி பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் குனிந்து, "ஷிஃபா... ஷிஃபா..." என்று கூப்பிட்டுப் பார்க்கிறாள். கேசட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சாஜிதா அதை நிறுத்தவில்லை. இந்தப் பக்கம் தீரும்வரை அவனும் கேட்கட்டும்.