மில்லுக்குள் வைத்த சோறு

புத்தளம் களப்போரத்துச் சுண்ணாம்புக்கல் ஆலையில் காகத் தொல்லை. அதனால் சவிரிமுத்து தன் சாப்பாட்டுப் பெட்டியை, உள்தகடு மாற்றத் திறந்திருந்த மில் உருளைக்குள் வைத்தான். வேலை முடிந்ததும் மறந்துபோய்க் கதவை மூடி ஆணிகளை இறுக்கினான். பசித்தபோதுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் மில் ஓடத் தொடங்கி, உள்ளே இரும்புக் குண்டுகள் கல்லை அரைத்துக்கொண்டிருந்தன. அரைபட்டு வரும் கல்மாவில் ஒரு தகரத்துண்டு அகப்பட்டாலும் வேலை போய்விடும்.

"பெட்டி இந்நேரம் தூளாப் போயிருக்கும். உன்ட வேலையும்தான்," என்றார் கூட வேலை செய்யும் நவ்பர் நானா.

மூன்று நாள் மாவில் ஒன்றும் அகப்படவில்லை. நாலாம் நாள் உருளையை நிறுத்தித் திறந்தார்கள். இரும்புக் குண்டுகளின் மேல் பெட்டி கீறல்கூட இல்லாமல் இருந்தது. சோறும் மீனும் இல்லை. கழுவித் துடைத்த பெட்டிக்குள் ஒரு பிடி வெள்ளைத் தூள்.

"சுண்ணாம்பு," என்றார் நானா.

சவிரிமுத்து நக்கிப் பார்த்தான். "சீனி, நானா. நம்மட மில் அரைக்கிற பதம்."

"பின்ன, சோறு வந்த பெட்டிய வெறுமையாவா திருப்பிக் குடுக்கிற?" என்று நானா சிரித்தார்.

வீட்டில் மனைவி பிரான்சிஸ்கா முழுக்கதையையும் கேட்டாள்.

"மூண்டு நாளைக்கு ஒருநேரச் சோறோ? பாவம் அந்த மில்," என்றாள்.

மறுநாள் காலை அவள் புருசனிடம் இரண்டு பெட்டி கட்டிக் கொடுத்தாள்.