மூன்றாவது பரிந்துரை

“இதுலயும் அப்பா வேஷம் உங்க வூட்டுக்காரருக்குத்தானாங்க?”

ஜெயப்பிரகாஷ் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த பிரபாவதி சிரிக்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“நாடகம் நல்லா இருக்குதுங்க சார். எழுதினது விழுப்புரத்துப் பொண்ணு, மொத புத்தகம். புதுசா எழுதுறவங்க நாடகமா பாத்து சொல்லுங்கன்னு நீங்கதான கேட்டீங்க.”

கேட்டது உண்மைதான். நெய்வேலி டவுன்ஷிப்பில் பல வருடமாக நாடகக் குழு நடத்துகிறவர் ஜெயப்பிரகாஷ். பழைய நாடகங்களையே போட்டுப் போட்டு, பார்க்கிறவர்களுக்கே வசனம் மனப்பாடமாகிவிட்டது. இந்தப் பொங்கலுக்குப் புது நாடகம் வேண்டும் என்று குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார். பதில் சொன்னது பிரபாவதி மட்டும்தான்.

அவளும் கணவன் இளவழகனும் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகிறது. சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் முடிந்ததும் இளவழகன் நேரே ஒத்திகைக் கூடத்துக்கு வந்துவிடுவார். வரும்போதே ஏதாவது ஒரு நக்கல். அவர் சிரிக்காமல் இருந்து குழுவில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் நடிப்பு வரவில்லை. பிரபாவதி முதலில் சொன்ன நாடகத்தில், வேலைக்குப் போகும் மகளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அப்பா அழ வேண்டும். இளவழகன் கண்டக்டரிடம் வம்பிழுத்து எல்லாரையும் சிரிக்க வைத்தார். அடுத்த நாடகத்தில், வளர்ந்துவிட்ட மகளின் சின்ன சைக்கிளை அப்பா விற்கிற இடம். “கிளிசரின் வாங்கிக் குடுங்க சார், குடம் குடமா அழுவுறேன்” என்றார். இரண்டு நாடகங்களும் அப்படியே நின்றுபோயின.

“இங்க பாருங்கம்மா, நீங்க சொல்ற நாடகமெல்லாம் அருமைதான். ஆனா அவர நடிகராக்கியே தீரணும்னு நின்னுகினு இருக்கீங்க பாருங்க, அதான் எனக்கு இடிக்குது” என்றார் ஜெயப்பிரகாஷ். “அவருக்குக் காமெடி வேஷம் குடுத்தா பின்னிடுவாரு. அழுவுற வேஷத்துக்கு நம்ம இனியன் இருக்கான்.”

“இனியனே நடிக்கட்டுங்க சார். இதுல வர்ற ரேஷன் கார்டு காட்சிய மட்டும் இவர ஒரு வாட்டி நடிக்கச் சொல்லுங்க. ஒத்திகையில செஞ்சா போதும். மேடை வேணாம்.”

“மேடை வேணாமா? இது என்னங்க ஆசை?”

பிரபாவதி புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

அவள் விட்டுப்போன ‘மூன்று யூனிட்’ வேடிக்கையான நாடகம். கல்யாணமாகிப் போன மகளின் பெயரை, தலைக்கு இத்தனை யூனிட் என்று கணக்கிடும் ரேஷன் கார்டிலிருந்து நீக்குவதற்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைகிற ஓர் அப்பாவின் கதை. கடைசியில் அதிகாரி பெயரை எடுக்கப்போகும் நேரத்தில் அவருக்கு மனசு கேட்காது. இரண்டு சொட்டுக் கண்ணீர். உடனே அடுத்த காட்சி.

மறுநாள் சாயங்காலம் ஒத்திகை. குழுவில் இருக்கும் வெண்மதி அதிகாரியாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். “மேடம் சாப்ட்டாச்சா?” என்று வசனத்தில் இல்லாததைக் கேட்டுக்கொண்டே இளவழகன் வந்தார். எல்லாரும் சிரித்தார்கள். கடைசி வரிசை நாற்காலியில் பிரபாவதி நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

“எதுக்கு வந்தீங்க?” என்றாள் வெண்மதி.

“கார்டுலேருந்து பேரு எடுக்கணுங்க.”

“யாரு பேரு?”

“எம் பொண்ணு பேருங்க.”

“பேரச் சொல்லுங்க.”

நாடகத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கயல்விழி. இளவழகன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து வெண்மதி உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தாள்.

“இசைப்பிரியா” என்றார் இளவழகன்.

“கயல்விழிங்க. பரவால்ல, விடுங்க, மேல போங்க” என்று கீழிருந்து சொன்னார் ஜெயப்பிரகாஷ்.

வெண்மதி பேனாவை எடுத்தாள். “எடுத்துடலாமா?”

இளவழகன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எடுக்காதம்மா” என்றார். அது வசனம் இல்லை. “அரிசி வேணாம், சக்கர வேணாம். பேரு மட்டும் அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

அப்படியே தரையில் உட்கார்ந்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் வந்தது. அது முடிவதற்குள் இன்னொன்று.

இனியன்தான் முதலில் கைதட்டினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜெயப்பிரகாஷுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுஷன் இத்தனை நாள் விளையாட்டுக் காட்டினார் என்று நினைத்தார்.

கைதட்டல் ஓய்ந்தது. அழுகை ஓயவில்லை. வெண்மதி என்ன செய்வதென்று தெரியாமல் ஜெயப்பிரகாஷைப் பார்த்தாள்.

“போதுங்க இளவழகன், காட்சி ரொம்ப நீளுது. எழுந்திரிங்க” என்று சொல்லியபடி ஜெயப்பிரகாஷ் மேடைப் படியில் கால் வைத்தார்.

பின்னாலிருந்து ஓடி வந்த பிரபாவதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது.

“நிறுத்தச் சொல்லாதீங்க சார். எங்க பொண்ணு செத்து ஒரு வருஷமாவுது, இன்னிக்குத்தான் அழுவுறாரு.”