தொட்டியில் பாசி

“எத்தனாம் வகுப்போட நின்ன?” என்று மீனுக்குத் தீனி போடும் வேலைக்குச் சேர்ந்த அன்று கேஷிகாவிடம் முதலாளி பைஸர் கேட்டிருந்தார். ஒன்பது என்றாள். இப்போது ஹட்டனிலுள்ள அவருடைய ஹோட்டலில், கடல்மீன் தொட்டி முழுக்கப் பச்சைப் பாசி.

“இவ தீனிய அள்ளிக் கொட்டுறா. நாளையிலருந்து வர வேணாம்னுட்டேன்,” என்றார், தொட்டியைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த சப்ராஸிடம்.

சப்ராஸ் தண்ணீரைச் சோதித்தார். “தீனியில்ல, உரம் கலந்திருக்கு. தொட்டியில தண்ணி வத்தி கொறஞ்சா என்ன தண்ணி ஊத்துற தங்கச்சி?”

“நான் ஊத்துறதில்லீங்க சேர். கொழாத் தண்ணி மீனுக்கு ஆகாதுன்னு, முதலாளிதான் தேயிலை மலைக்குக் கீழ உள்ள ஊத்துல புடிச்சிட்டு வந்து ஊத்துவாரு. போன வாரம் அந்த மலைக்கு எங்கப்பாதான் உரம் போட்டாரு.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?” என்றார் பைஸர்.

“யாரும் கேக்கலீங்க.”

பைஸர் கையிலிருந்த ஊற்றுத் தண்ணீர்க் கேனைக் கீழே வைத்தார். வெளியே போனார்.