உறவு என்ற கட்டம்

இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலில் என் கணவரின் பெயரையும் இறந்த தேதியையும் சொன்னேன். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார்.

"இவருக்குக் காலையிலயே நகல் குடுத்தாச்சேம்மா. அவரோட வீட்டுக்காரம்மா வந்து வாங்கிட்டுப் போனாங்க."

"நான்தான் சார் அவரோட வீட்டுக்காரி."

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். அந்தச் சாய்ந்த கையெழுத்து எனக்குத் தெரியும். எங்கள் சமையலறை டப்பாக்களில் உப்பு, மிளகு, சர்க்கரை என்று என் கணவருடைய முதல் மனைவி எழுதி ஒட்டியது அப்படியே இருக்கிறது. பதினோரு வருஷத்தில் ஒரு சீட்டைக்கூடக் கிழிக்க அவர் விட்டதில்லை. "இருந்துட்டுப் போகட்டுமே" என்பார். எங்கள் கல்யாணத்தைப் பதிய அவளுடைய இறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதை இதே ஜன்னலில் வாங்கியவள் நான்.

"உங்களுக்கும் ஒண்ணு தரலாம்மா. கையெழுத்துப் போடுங்க," என்றார் குமாஸ்தா.

உறவு என்ற கட்டத்தில் அவள் 'மனைவி' என்று எழுதியிருந்தாள். எனக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. இங்கேயும் முந்திக்கொண்டாள்.

அதற்குக் கீழே நானும் 'மனைவி' என்று எழுதினேன், அவளுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக.