ஈரம் காயாத ஒட்டு

சிலமலைக் காற்றாலைக் காத்தாடியின் இறக்கையில் விழுந்த விரிசலை ஒட்டப் போன மொக்கச்சாமி, ஒட்டுவதற்கு முன்பே கயிறு அறுந்து விழுந்து செத்துப்போனார். குடித்துவிட்டு ஏறினார் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவர் டீயைத் தவிர எதையும் தொடாதவர் என்பது அவரோடு வேலை பார்த்த ஜெகதீஷுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து மூன்று மாதம் பூட்டிக் கிடந்த அந்தக் காத்தாடியில், விரிசலை ஒட்ட இப்போது ஜெகதீஷ்தான் ஏறினான். கயிற்றில் தொங்கியபடி இறக்கையைத் தடவிப் பார்த்தான். விரிசல்மேல் ஒட்டுத்துணி போட்டிருந்தது. பசை இன்னும் விரலில் பிசுபிசுத்தது. மொக்கச்சாமி செய்வதுபோலவே ஓரமெல்லாம் கட்டைவிரலால் அழுத்திவிட்டிருந்தது.

யாரோ ஏற்கனவே ஒட்டியிருப்பதாகக் கீழே நின்ற சூப்பர்வைசரிடம் வாக்கிடாக்கியில் சொன்னான்.

"யாரு ஒட்டுனா என்னப்பா? சோலி முடிஞ்சதுல்ல, வெரசா இறங்கு. ஓட விட்ருவோம்."

ஜெகதீஷுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நைஞ்சுபோன கயித்தைக் குடுத்துக் கொன்னீங்க. குடிகாரன்னு பேரு வச்சீங்க. இப்பச் செத்தவருகிட்டயும் வேலை வாங்குவீங்களாய்யா?"

அவன் இறக்கையில் உள்ளங்கையை வைத்தான்.

"இவனுகளுக்கு எதுக்குண்ணே உழைக்கிறீங்க? போதும், விடுங்க."

காற்று அசையவே இல்லை. ஒட்டுத்துணி ஒரு மூலையில் கிளம்பியது. யாரோ நகத்தால் உரிப்பதுபோல மெல்ல, மெல்ல, முழுவதும் உரிந்து வந்தது.